விழித்திருக்கும் சில்லும் விற்றவன் திறவுகோலும்

ஒரு வீட்டை விலைகொடுத்து வாங்கியவன், முதல் வேலையாகப் பழைய பூட்டைக் கழற்றியெறிந்துவிட்டுப் புதிய பூட்டைப் போடுகின்றான். விற்றவன் எத்துணை நல்லவனாக இருப்பினும், அவனிடமோ அவன் வேலையாளிடமோ இன்னொரு திறவுகோல் இருக்கக்கூடும் என்னும் எண்ணம் எழுத்தறியா மாந்தனுக்கும் இயல்பாகவே தோன்றிவிடுகின்றது. ஆனால் கோடிக்கணக்கில் பணங்கொட்டிக் கணிப்பொறிகளை வாங்கும் அலுவலகங்கள் பலவற்றுக்கு இவ்வெளிய எண்ணம் தோன்றுவதில்லை. தாம் வாங்கிய பொறியின் அடிவயிற்றில் இன்னொரு சிறு பொறி அல்லும் பகலும் விழித்திருப்பதையும், அதற்கொரு தனி வாயில் உண்டென்பதையும், அவ்வாயிலில் தொழிற்சாலைக்காரன் மாட்டிய பூட்டே இன்னும் தொங்குவதையும் அவற்றின் தலைமையிலிருப்போர் அறியாமலே காலம் ஓட்டுகின்றனர். அவ்வாயிலைப் பற்றியே இத்திங்கள் பேச விரும்புகின்றோம். செய்தி சற்றே தொழில்நுட்பஞ் சார்ந்தது; எனினும், நம் வைப்பகக் கணக்கும் மருத்துவமனைப் பதிவும் நிலப்பட்டாவும் இற்றை நாளில் இவ்வகைப் பொறிகளுக்குள்தான் உறைகின்றன என்பதால், இதனைத் தொழில்வல்லார்க்கே விட்டுவிட்டு நாம் வாளாவிருத்தல் கூடாது.

பிற கணிப்பொறிகள் கேட்கும் தரவை எடுத்து வழங்குகின்ற கணிப்பொறிக்கு வழங்கி என்று பெயர். தொடக்கத்தில் ஒவ்வொரு வழங்கியும் ஒரு தனிப் பெட்டியாக இருந்தது. தனி மின்கம்பி, தனி விசிறி, தனி இணைப்பு வடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பம்! நூறு வழங்கிகள் வைத்த அறையின் பின்புறஞ் சென்று பார்த்தால், புற்றிலிருந்து கிளம்பிய பாம்புகளைப் போல் வடங்கள் பின்னிப் பிணைந்து கிடக்கும். இத்தொல்லையைத் தீர்ப்பதற்காக, வழங்கியின் உறுப்புகளை ஒரு மெல்லிய தகட்டளவிற் சுருக்கி, மின்னாற்றலையும் காற்றையும் இணைப்பையும் எல்லாவற்றுக்கும் பொதுவாக்கி, ஒரே பேழையில் பல தகடுகளைச் செருகிவைக்கும் முறை வந்தது. ஆங்கிலத்தில் 'பிளேடு சர்வர்' எனப்பெறும் இதனைத் தகட்டு வழங்கி என்போம். அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தைச் சேர்ந்த ஆர்.எல்.எக்சு. என்னும் நிறுமம் 2001-ஆம் ஆண்டில், 13 செ.மீ. உயரமே உள்ள பேழையொன்றில் 24 தகடுகளை நிறுத்திக் காட்டியது. அடுத்த ஆண்டே ஐ.பி.எம். நிறுமம் 14 தகடுகள் கொள்ளும் பேழையை வெளியிட்டது. 2006-இல் எச்.பி. நிறுமம் கொணர்ந்த 'சி7000' என்னும் பேழை, ஏறத்தாழ 44 செ.மீ. உயரத்தில் 16 தகடுகளையும் 6 மின்னூட்டிகளையும் 10 விசிறிகளையும் அடக்கியிருந்தது. 2008-இல் டெல் நிறுமத்தின் 'எம்1000இ' பேழையும் அவ்வாறே 16 தகடுகள் கொண்டதாக வந்தது. பதினாறு குடித்தனங்கள் ஒரே கூரையின்கீழ் ஒரே கிணற்று நீரைக் குடித்து வாழ்வதைப் போன்ற ஏற்பாடு இது. சிக்கனமானதே; ஆனால் கிணற்றில் நஞ்சு கலந்தால் பதினாறு குடித்தனங்களுக்கும் ஒரே வேளையில் கேடு. இதனைப் பின்னர்ப் பார்ப்போம்.

இப்பேழைகள் நிற்கும் அறை மாந்தர் அமர்ந்து பணியாற்றத் தக்க இடமன்று. விசிறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேச்சும் கேளாது. பேழையின் முன்புறம் குளிர்காற்றும் பின்புறம் அனற்காற்றும் வீசும். அன்றியும், பொறி ஓரூரிலும் அதனைப் பேணுவோர் வேறோர் ஊரிலும் இருப்பதே இற்றை நாள் வழக்கமாகிவிட்டது. அதனால், எங்கிருந்தும் இணைய உலாவியைத் திறந்து, ஒரு முகவரியை இட்டு, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தந்தால், பேழையின் படமே கண்முன் தோன்றும்படி செய்தனர். எந்தச் செருகிடத்தில் எந்தத் தகடு உள்ளது, எது பச்சை, எது சிவப்பு, வெப்பம் எவ்வளவு, விசிறி மணித்துளிக்கு எத்தனை முறை சுழல்கின்றது, மின்னாற்றல் எத்தனை வாட்டு செல்கின்றது என்பவையெல்லாம் அவ்வலைப்பக்கத்தில் தெரியும். ஒரு பொத்தானைச் சுட்டி அழுத்தினால் ஆயிரங்கல் தொலைவிலுள்ள தகடு அணையும். மறுபடி அழுத்தினால் உயிர்த்தெழும். இயங்குதளம் ஏறுவதற்கு முன்பே திரையில் ஓடும் முதல் எழுத்துகளையும் இருந்த இடத்திலிருந்து காணலாம். அவற்றினும் வியப்பானது ஒன்றுண்டு. நம் கையிலுள்ள குறுந்தட்டின் படியை, அத்தொலைவிலுள்ள தகட்டிலேயே செருகிவிட்டதுபோல் அதனை நம்பவைத்து, பழைய இயங்குதளத்தைத் துடைத்துவிட்டுப் புதியதொன்றை நிறுவிவிடவும் கூடும்.

அணைந்து கிடக்கும் பொறி எங்ஙனம் நம் ஆணையைக் கேட்கின்றது? இங்கேதான் செய்தியின் உயிர்நிலை உள்ளது. ஒவ்வொரு தகட்டின் முதன்மைப் பலகையிலும் ஒரு சிறு சில்லு பதிக்கப்பெற்றுள்ளது. எச்.பி. அதனை 'ஐ-லோ' என்கின்றது. டெல் 'ஐ-டிராக்' என்கின்றது. தோட்டங்களில் வேலையாள்களை மேற்பார்க்கும் கங்காணியைப் போன்று அது இருப்பதால், நாம் அதனைக் கண்காணிச் சில்லு என்போம். அதற்குத் தனி நினைவகம் உண்டு. தனி இயங்குதளம் உண்டு. வலையமைப்பில் தனி முகவரியும் உண்டு. பேழையில் மின்னாற்றல் இருக்கும் வரையில், வழங்கி அணைந்திருந்தாலும் அது உறங்காது. வழங்கியின் இயங்குதளத்தைச் சாராமலே அது இயங்கும். அதுவே வழங்கியை ஆளும். வழங்கிக்குள் நாம் எத்தனை காவல் மென்பொருள்களை நிறுத்தினாலும் அவையனைத்தும் அச்சில்லின் காலடிக்குக் கீழ் நிற்பனவே. அதன் நடமாட்டம் வழங்கியின் பதிவேடுகளில் இடம்பெறாது. வழங்கியை முற்றுந் துடைத்துப் புதிதாக நிறுவினாலும், அச்சில்லுக்குள் புகுந்தவன் புகுந்தவனாகவே இருப்பான்.

இத்தகைய ஏற்பாடே தீது என்று கூறுவார் கூற்றை நாம் ஒப்பவில்லை. நள்ளிரவில் ஒரு மருத்துவமனையின் வழங்கி நின்றுபோனால், அதனைத் திரும்ப எழுப்புதற்கு ஒருவன் இருசக்கர வண்டியேறி இருபது கல் ஓடவேண்டியதில்லை என்பது பெரும்பேறு. 2020-ஆம் ஆண்டு மகுடை நோய்த்தொற்றின்போது உலகமே வீட்டுக்குள் அடைந்திருந்த திங்கள்களில், பற்பல தரவு நடுவங்களில் ஒரு சிலரே உள்ளிருக்க, ஏனையோர் வீட்டிலிருந்தே பொறிகளைப் பேணினர். சென்னையிலும் கோவையிலும் இரவெல்லாம் கண்விழித்துக் கடல்கடந்த நாடுகளின் வழங்கிகளைக் காக்கும் நம் இளைஞர்க்கு இவ்வலைப்பக்கமே கழனியும் கலப்பையுமாக உள்ளது. நம் வினா இதுதான்: அதன் திறவுகோல் எவர் கையில் உள்ளது?

தகட்டு வழங்கியில் இவ்வினா இருமடங்கு கூர்மையானது. ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு கண்காணிச் சில்லு இருப்பதோடு, பேழை முழுமைக்கும் ஒரு தலைமைக் கண்காணியும் உண்டு. தலைமைக் கண்காணியின் பக்கத்துள் நுழைந்தவன், அங்கிருந்து ஒவ்வொரு தகட்டின் பக்கத்துக்குள்ளும் மறுபடி கடவுச்சொல் தராமலே செல்லும்படி இவற்றை அமைத்துள்ளனர். பணி எளிதாகுதற்பொருட்டு அமைத்த வழி அது. பதினாறு முறை கடவுச்சொல்லைத் தட்டும் தொல்லை இல்லை. ஆனால் அதே எளிமை கள்வனுக்கும் உண்டன்றோ? ஒரு பெயரும் ஒரு சொல்லும் கைப்பட்டால் பதினாறு வழங்கிகளும் அவனுக்கு அடிமை. முன்னர்க் கூறிய கிணறு இதுதான்.

அவ்வொரு சொல்லைக் கண்டுபிடிப்பது எத்துணை அரியது என்று பார்ப்போம். டெல் நிறுமத்தின் கண்காணிச் சில்லும் பேழைத் தலைமைக் கண்காணியும் பல்லாண்டுகளாக ஒரே பெயரோடும் ஒரே சொல்லோடும் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தன. பெயர் 'ரூட்', சொல் 'கால்வின்'. இதனை எழுதுவதால் நாம் எந்தக் கமுக்கத்தையும் வெளியிட்டுவிடவில்லை. அந்நிறுமத்தின் கையேட்டிலேயே அச்சிடப்பெற்ற செய்தி இது. உலகெங்குமுள்ள பொறியாளர் அனைவரும் அறிந்ததும் ஆகும். வாங்கியவன் முதல்நாளே மாற்றிக்கொள்வான் என்று விற்றவன் நம்பினான். நிறுவவந்த ஒப்பந்தக்காரன் மாற்றியிருப்பான் என்று வாங்கியவன் நம்பினான். ஒப்பந்தக்காரனோ மாலைக்குள் வேலையை முடித்துக் கையொப்பம் வாங்கவேண்டிய விரைவில் இருந்தான். எச்.பி. நிறுமம் இதில் சற்று மேலானது. ஒவ்வொரு வழங்கிக்கும் வெவ்வேறு சொல்லை ஆக்கி, ஒரு சிறு சீட்டில் அச்சிட்டு, அவ்வழங்கியிலேயே இணைத்து அனுப்பியது. அச்சீட்டைப் படமெடுத்துக்கொண்டு போனவர் எத்தனை பேர் என்று எவரும் கேட்பதில்லை.

கடவுச்சொல்லை மாற்றிவிட்டாலே போதும் என்று அமைதியடையவும் இயலாது. கண்காணிச் சில்லுகளோடு பேசுதற்கென இன்டெல், டெல், எச்.பி., என்.இ.சி. ஆகிய நான்கு நிறுமங்கள் கூடி 1998-இல் 'ஐ.பி.எம்.ஐ.' என்றொரு பொதுவரையறையை வகுத்தன. 2004-இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. 2013-ஆம் ஆண்டில் டான் பார்மர் என்னும் அமெரிக்கக் கணிப்பொறிக் காவல் அறிஞர் அவ்வரையறையை ஆராய்ந்து வெளியிட்ட உண்மைகள் திடுக்கிடச் செய்வன. நுழைய வருபவன் பயனர் பெயரை மட்டும் சரியாகச் சொல்லிவிட்டால், அவன் யாரென்று உறுதிப்படுத்திக்கொள்ளும் முன்னரே, கடவுச்சொல்லிலிருந்து பிழிந்தெடுத்த மறைகுறி ஒன்றைச் சில்லு அவனிடம் கொடுத்துவிடுகின்றது! அவன் அதனை வீட்டுக்கு எடுத்துச்சென்று, தன் கணிப்பொறியில் கோடிக்கணக்கான சொற்களைப் பொருத்திப் பொருத்திப் பார்த்து, உரிய சொல்லைக் கண்டுகொள்ளலாம். இது ஏதோ ஒரு நிறுமத்தின் கைத்தவறன்று. வரையறையிலேயே உள்ள குற்றம். ஆதலால் அவ்வரையறையைப் பின்பற்றும் வரையில் திருத்தவும் இயலாது. கடவுச்சொல் 20 எழுத்தைத் தாண்டக் கூடாதென்றும் அதே வரையறை தடுக்கின்றது. இவ்வளவும் போதாதென்று, மறையாக்கமே இல்லாத ஒரு வழியும் அதில் உண்டு. அவ்வழி திறந்து கிடக்கும் சில்லுகளில் எந்தச் சொல்லைத் தந்தாலும் கதவு திறக்கும். அவ்வாண்டில் இணையம் முழுவதையும் துழாவிப் பார்த்தவர்கள், 3 இலக்கத்திற்கும் மேற்பட்ட கண்காணிச் சில்லுகள் எவரும் அணுகத்தக்கவாறு பொதுவெளியில் நிற்பதைக் கண்டனர். அடுத்த ஆண்டில் சூப்பர்மைக்குரோ நிறுமத்தின் பலகைகள் சிலவற்றில், ஒரு குறிப்பிட்ட வாயிலைத் தட்டினால் கடவுச்சொற் கோப்பையே வெளிப்படையான எழுத்தில் நீட்டிவிடும் கூத்தும் வெளிப்பட்டது. ஏறத்தாழ 32,000 பொறிகள் அவ்வாறு நீட்டின.

ஒரு கதவு இப்படியென்றால் வலைப்பக்கக் கதவு எப்படி? 2017-இல் ஐரோப்பிய ஆய்வாளர் மூவர் 'ஐ-லோ'வின் நான்காம் பதிப்பை ஆராய்ந்தனர். வலைப்பக்கத்தைக் கேட்டு அனுப்பும் வேண்டுகோளின் தலைப்பில் ஓரிடத்தில், ஆங்கிலத்தின் முதலெழுத்தை 29 முறை தொடர்ந்து எழுதி அனுப்பினால், சில்லு குழம்பி, வந்தவனைத் தலைவனென்றே ஏற்றுக்கொண்டது. பெயரும் வேண்டா, சொல்லும் வேண்டா! மழலைப் பள்ளியில் பலகையில் ஓரெழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதும் பிள்ளைக்கு அரண்மனைக் கதவு திறந்த கதைபோல் உள்ளது இது. எச்.பி. நிறுமம் அவ்வாண்டே திருத்திய நிலைநிரலை வெளியிட்டது. நிலைநிரல் என்பது சில்லுக்குள் நிலையாகப் பதித்துவைக்கும் நிரல். திருத்தம் வந்துவிட்டது, ஆனால் திருத்தத்தைத் தம் பேழைகளில் ஏற்றிக்கொண்டவர் எத்தனை பேர் என்பதே கேள்வி. வழங்கியின் இயங்குதளத்தைத் திங்கள்தோறும் புதுப்பிப்போர்கூட, அதனடியில் இன்னோர் இயங்குதளம் இருப்பதை மறந்துவிடுகின்றனர்.

மறந்தவர்கள் விலை கொடுத்தனர். 2018-ஆம் ஆண்டின் இறுதியில், பிணைப்பணங் கேட்கும் கள்வர் இக்கண்காணிச் சில்லுகளின் வழியாகவே நுழைந்து, வழங்கியை அணைத்தேற்றி, ஒற்றையாள் நிலையில் அதனை எழுப்பி, தரவு முழுவதையும் பூட்டினர். அவ்வாறு அகப்பட்டவற்றுள் தொழிற்சாலைக் கடவுச்சொல்லே மாற்றப்பெறாதிருந்த பொறியும் உண்டு. 2021-ஆம் ஆண்டு திசம்பரில் ஈரான் நாட்டுக் காவல் நிறுமம் ஒன்று வெளியிட்ட செய்தி இதனினும் கொடிது. 'ஐ-லோ'வின் நிலைநிரலுக்குள்ளேயே குடியேறிய தீநிரல் ஒன்றினை அவர்கள் கண்டுபிடித்தனர். அது வழங்கியின் வட்டுகளை அடிக்கடி துடைத்தழித்தது. உரியவர் ஐயுற்று நிலைநிரலைப் புதுப்பித்தால், புதுப்பித்தாயிற்று என்று திரையிற் காட்டிவிட்டு, உள்ளே பழைய நிரலையே வைத்துக்கொண்டது. கங்காணியே கள்வனாகி, கணக்குப்பிள்ளையாகவும் இருந்து, 'எல்லாம் நலம்' என்று கையொப்பமும் இட்டான்!

நெடுநாள் கடந்த செய்தி என்று இதனை ஒதுக்கவும் முடியாது. பல நிறுமங்களின் வழங்கிகளில் இடம்பெறும் 'மெகாராக்' என்னும் கண்காணி நிலைநிரலில், கடவுச்சொல் இல்லாமலே நுழையத்தக்க ஓட்டை ஒன்று 2025 மார்ச்சில் வெளிப்பட்டது. கேட்டின் அளவுகோலில் பத்துக்குப் பத்து அதற்குத் தரப்பெற்றது. அவ்வாண்டு சூன் திங்களில், கள்வர் அதனை நடைமுறையிலேயே பயன்படுத்துகின்றனர் என்று அமெரிக்க அரசின் கணிப்பொறிக் காவல் அமைப்பு தன் பட்டியலில் சேர்த்து அறிவித்தது.

'எங்கள் பேழைகள் உள்வலையமைப்பில் அல்லவா இருக்கின்றன? வெளியாள் எப்படி வருவான்?' என்று கேட்பார் உண்டு. பெரும்பாலான அலுவலகங்களில் உள்வலையமைப்பு என்பது சத்திரத்துத் திண்ணை போன்றது. எழுத்தரின் கணிப்பொறி, படியெடுக்கும் பொறி, வாயிற்காவல் ஒளிப்படக் கருவி, விருந்தினரின் கைப்பேசி ஆகியவையெல்லாம் ஒரே வடத்தில் தொங்குகின்றன. எழுத்தர் ஒருவர் பொய்ம்மடல் ஒன்றைத் திறந்துவிட்டால், கள்வன் அவர் கணிப்பொறியில் அமர்ந்துகொண்டு பேழையின் பக்கத்தை நிறைவாகத் திறந்து பார்க்கலாம். கண்காணிச் சில்லுகளுக்கென்று தனி இணைப்புத்துளை வைத்திருப்பதே தனி வலையமைப்பில் அவற்றை மாட்டவேண்டும் என்பதற்காகத்தான். அத்துளையில் வடத்தை மாட்டி, அவ்வடத்தைப் பொதுவலையமைப்பிலேயே கொண்டுபோய்ச் சேர்ப்பது, தனிக்கதவு வைத்து அதனையும் தெருப்பக்கமே திறந்துவைப்பது போன்றது.

இன்னொரு பக்கமும் உண்டு. கள்வன் எளிதில் நுழையும் இதே வாயிலில், உடையவன் நுழைய முடியாமல் நிற்கும் நிலையும் நேர்கின்றது. பழைய பேழைகளில் தொலைவிலுள்ள திரையைக் காட்டும் பகுதி, 'சாவா' என்னும் மொழியிலோ 'பிளாசு' என்னும் கருவியிலோ எழுதப்பெற்றிருந்தது. 2015-இல் கூகுளின் குரோம் உலாவி அவ்வகைச் செருகல்களை ஏற்க மறுத்தது. 2020-ஆம் ஆண்டின் இறுதி நாளோடு 'பிளாசு' கைவிடப்பெற்றது. அதே ஆண்டில் உலாவிகள் பழைய மறையாக்க முறைகளையும் ஒதுக்கின. இரும்பு நன்றாக இருக்கின்றது, விசிறி சுழல்கின்றது, ஆனால் பக்கம் திறப்பதில்லை. இதற்காகவே பழைய கணிப்பொறி ஒன்றில் பழைய உலாவியைப் புதுப்பிக்காமல் வைத்துக்கொண்டு, அதனைக் கோயில் விளக்கைப்போல் காத்துவரும் பொறியாளர்கள் பலர் உளர். புதுப்பிக்காத அக்கணிப்பொறியே அலுவலகத்தில் கேடு புகும் முதல் ஓட்டை என்பது வேறு செய்தி. அன்றியும், தொலைத்திரையை முழுமையாகப் பயன்படுத்துதற்குத் தனி உரிமக் கட்டணம் கேட்கும் வழக்கமும் இந்நிறுமங்களுக்கு உண்டு. 2014 பிப்ரவரியிலிருந்து எச்.பி. நிறுமம் வழங்கியின் அடிப்படை நிலைநிரற் புதுப்பிப்புகளைப் பொறுப்புறுதியோ பேணுகை ஒப்பந்தமோ உள்ளவர்க்கு மட்டும் என்று வரம்பு கட்டியது. கண்காணிச் சில்லின் நிரலுக்கு அவ்வரம்பிலிருந்து விலக்களித்தது என்பதையும் சொல்லிவிடுதல் முறை. எனினும், விலைகொடுத்து வாங்கிய பொறியின் நோய்க்கு மருந்து, விற்றவனோடு நாம் கொண்ட உறவைப் பொறுத்தே கிடைக்கும் என்னும் வழக்கத்தை வாங்குமுன்னரே நாம் அறிந்திருக்க வேண்டும்.

தொலைவிலிருந்தே எல்லாவற்றையும் ஆண்டுவிடலாம் என்னும் செருக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2021-ஆம் ஆண்டு அத்தோபர் 4-ஆம் நாள் நிகழ்ச்சியே சான்று. அன்று முகநூல் நிறுமத்தார் தம் தரவு நடுவங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பின் கொள்ளளவைப் பார்க்கக் கொடுத்த ஓர் ஆணை, எல்லா இணைப்பையும் அறுத்துவிட்டது. முகநூலும் அதன் உடன்பிறப்புகளும் ஏறத்தாழ ஆறு மணிநேரம் உலகெங்கும் இருண்டன. இத்தகைய வேளைக்கென்றே அமைத்திருந்த மாற்றுவழி வலையமைப்பும் கைகொடுக்கவில்லை. பொறியாளர் தரவு நடுவத்துக்கே நேரிற் செல்லவேண்டியிருந்தது. அக்கட்டடங்களோ எவரும் எளிதில் நுழையாவண்ணம் கட்டப்பெற்றவை. உள்ளே சென்ற பின்னரும் பொறிகளைத் தொட்டுத் திருத்துதல் எளிதன்று. உலகின் மாபெரும் நிறுமத்துக்கே அந்நிலை என்றால், பேழை இருக்கும் அறைக்குத் திறவுகோல் யாரிடம் என்பதே தெரியாத நம்மூர் அலுவலகங்களைப் பற்றி என்சொல்வது?

இங்கே ஒரு சொல். டெல் நிறுமத்தின் கண்காணிப் பக்கத்தை ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், இசுப்பானியம், சப்பானியம், சீனம் ஆகிய ஆறு மொழிகளில் காணலாம். தமிழ் அதில் இல்லை. இரவு இரண்டு மணிக்குச் சிவப்பு விளக்கெரிந்து எச்சரிக்கை ஒன்று தோன்றும்போது, அதனை அயன்மொழியில் படித்து, ஐயத்தோடு பொருள்கொண்டு, தவறான பொத்தானை அழுத்திவிடும் இளைஞனைக் குறைகூறிப் பயனில்லை. குறைந்தளவு, செய்யவேண்டியவற்றின் ஒழுங்கையாவது தமிழில் எழுதிப் பேழையின் பக்கத்தில் ஒட்டிவைத்தல் அலுவலகத் தலைவர்களால் இயலாத செயலா?

பிற நாடுகளில் அரசுகள் இச்செய்தியில் தலையிட்டுள்ளன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2018-இல் இயற்றி 2020 சனவரி முதல்நாளன்று நடைமுறைப்படுத்திய சட்டத்தின்படி, வலையமைப்பில் இணையும் பொறி தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஒவ்வொன்றும் தனித்தனிக் கடவுச்சொல்லோடு வரவேண்டும். அல்லது, முதன்முறை திறக்கும்போதே புதிய சொல்லை வைக்கும்படி அது கட்டாயப்படுத்த வேண்டும். 2023 சூன் திங்களில் அமெரிக்க நடுவணரசின் கணிப்பொறிக் காவல் அமைப்பு, 'ஐ-லோ', 'ஐ-டிராக்' ஆகியவற்றைப் பெயர் சுட்டியே ஓர் ஆணை பிறப்பித்தது. அரசு அலுவலகம் ஒன்றின் கண்காணிப் பக்கம் பொது இணையத்தில் தெரிவதாக அறியப்பெற்றால், 14 நாள்களுக்குள் அதனை இணையத்திலிருந்து அகற்றவேண்டும். அல்லது, நுழைவோரைத் தனியே ஆய்ந்து விடுக்கும் காவலுக்குப் பின்னே மறைக்கவேண்டும். விற்கும் நிறுமங்களின் தாய்நாடே இவ்வாறு அஞ்சித் தன் கதவை அடைத்துக்கொண்டது. வாங்கும் நாம் எதனை நம்பிக் கதவைத் திறந்துவைப்பது?

இந்திய நடுவணரசின் கணிப்பொறி நெருக்கடி மீட்பு அமைப்பு 2022 ஏப்பிரல் 28-இல் பிறப்பித்த ஆணைப்படி, எல்லாக் கணிப்பொறி அமைப்புகளின் பதிவேடுகளையும் 180 நாள் காத்துவைத்தல் வேண்டும். ஊடுருவல் நேர்ந்தால் ஆறு மணிநேரத்துள் அறிவித்தல் வேண்டும். அப்பதிவேடுகளுள் கண்காணிச் சில்லின் பதிவேடும் ஒன்று. அதில் யார் எப்போது நுழைந்தார், எந்தத் தகட்டை அணைத்தார் என்பவை இருக்கும். சில்லுக்குள் இடம் சிறிது. நிறைந்தால் பழையன அழியும். ஆதலால் அதனை உடனுக்குடன் வேறொரு பொறிக்கு அனுப்பிச் சேர்த்துவைத்தாலன்றி 180 நாள் நில்லாது. இதனைச் செய்துள்ள அலுவலகங்கள் எவை என்று தணிக்கையாளர் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

நாம் வேண்டுவது மிகப்பெரிய மாற்றமன்று. வழங்கி வாங்குதற்கு அரசுத்துறைகளும் கூட்டுறவு வைப்பகங்களும் பல்கலைக்கழகங்களும் வெளியிடும் ஒப்பந்தப்புள்ளிகளில், எத்தனை நினைவகம், எத்தனை வட்டு, என்ன விலை என்று பக்கம் பக்கமாக எழுதுகின்றனர். அவற்றோடு, தொழிற்சாலைக் கடவுச்சொல் ஒன்றும் எஞ்சவில்லை என்பதை ஒப்பந்தக்காரன் எழுதிக் கையொப்பமிடும் வரையில் இறுதித்தொகை தரப்பெறாது என்று ஒரு வரி எழுதட்டும். கண்காணிச் சில்லுக்கான திருத்த நிலைநிரலைப் பொறியின் வாழ்நாள் முழுதும், பேணுகை ஒப்பந்தம் இருப்பினும் இல்லாவிடினும், விலையின்றித் தருதல் வேண்டும் என்று இன்னொரு வரி எழுதட்டும். பழைய 'ஐ.பி.எம்.ஐ.' வாயிலை அடைத்துவிட்டு, 2015-இல் வந்த 'ரெட்பிசு' என்னும் புதிய வரையறையைக் கேட்கட்டும். செம்மீன் என்பது அச்சொல்லின் பொருள். அதுவும் குற்றமற்றதென்று சொல்லவரவில்லை; 2025-இல் வெளிப்பட்ட ஓட்டையும் அவ்வாயிலில்தான் இருந்தது. ஆனால் அவ்வோட்டையை நிரலைத் திருத்தி அடைக்க முடிந்தது. பழைய வரையறையின் குற்றத்தை அவ்வாறு அடைக்க முடியாது. பதினாறு பேர் ஒரே பெயரில் நுழையாமல், ஒவ்வொருவரும் தத்தம் பெயரிலேயே நுழையட்டும். பணிவிட்டுச் சென்றவன் பெயர் அன்று மாலையே நீக்கப்பெறட்டும். பேழைக்கு அருகில் வாழ்பவன் ஒருவனிடம் அவ்வறையின் உண்மையான இரும்புத் திறவுகோலும் இருக்கட்டும்.

இவ்விதழைப் படிப்போருள் இத்தகைய அறைகளில் பணியாற்றுவோர் சிலரேனும் இருப்பர். அவர்கட்கு மேலிடத்து ஆணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நாளைக் காலையில் அலுவலகம் சென்றதும், தம் பொறுப்பிலுள்ள பேழையின் பக்கத்தைத் திறந்து, தொழிற்சாலைப் பெயரையும் தொழிற்சாலைச் சொல்லையும் இட்டுப் பார்க்கட்டும். திறந்தால், அப்பொழுதே மாற்றிவிட்டு, அதன்பின் பதிவேட்டைத் திறந்து, தமக்கு முன் அவ்வழியே வந்துசென்றவர் எவரெவர் என்று படிக்கத் தொடங்கட்டும்.